அது சொல் இல்லை என்றேன்

எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஓர் எழுத்துப் புதிர் உண்டு. எழுத்துகளைப் போடுகிறவன் நான். சாயங்காலம் யார் சொன்னது சரி, யார் சொன்னது தப்பு என்று தீர்ப்புச் சொல்கிறவனும் நானே. அந்தத் தீர்ப்பில் என் அம்மாவுக்கு நான் செய்த தப்பை இங்கே எழுதுகிறேன். அவர் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற பழக்கமும் அவருக்கு இல்லை.

கோவையில் ஓர் அச்சகத்தில் 31 வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். ஒரு பக்கத்தில் எங்கேனும் ஒற்று விட்டுப்போயிருந்தால் என் கண் தானாக அங்கே போய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வாரமலர் குறுக்கெழுத்தைப் பேனாவால், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் முடிப்பேன். அகராதியில் ஒரு சொல் உண்டா இல்லையா என்று அச்சகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என் மேசைக்குத்தான் வருவார்கள். இதெல்லாம் சேர்ந்து எனக்குள் ஒரு திமிரை வளர்த்திருந்தது. அது திமிர் என்று அப்போது எனக்குத் தெரியாது. தமிழ் மேல் உள்ள அக்கறை என்றே நினைத்திருந்தேன்.

2020 ஏப்ரலில் ஊரடங்கு. அச்சகம் மூடிக் கிடந்தது, பள்ளிக்கூடமும் இல்லை. மகள் அப்போது ஆறாம் வகுப்பு. நாள் முழுக்கச் செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை இழுத்துப் பிடிக்க இந்த ஆட்டத்தை ஆரம்பித்தேன். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் எட்டு ஒன்பது எழுத்துகளை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவேன். அந்த எழுத்துகளைக் கொண்டு எத்தனை சொல் முடியுமோ அத்தனை அமைக்க வேண்டும். ஒரு சொல்லுக்குள் ஓர் எழுத்தை ஒரு தடவைதான் எடுக்கலாம். இரண்டெழுத்துச் சொல்லுக்கு ஒரு மார்க், மூன்றெழுத்துக்கு இரண்டு, நான்குக்கு ஐந்து, அதற்கு மேல் பத்து. ஆறு மணிக்குக் கணக்கு முடிப்போம்.

அம்மாவுக்கு அப்போது 74 வயது. அப்பா போன பிறகு ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று எங்களோடு வந்துவிட்டார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பார். ஆட்டத்தில் அவரையும் சேர்க்கச் சொன்னது மகள்தான். தாளில் இருக்கும் எழுத்துகளை அவளே ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டுவாள்.

மகளுக்கு நான் கற்றுக்கொடுத்த வழி இலக்கணத்தின் வழி. தமிழ் எழுத்துப் புதிரில் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை மாற்றி மாற்றி வைத்தால் விடியாது. ஒன்பது எழுத்தில் ஐந்தை எடுத்து வரிசையாக வைக்க 15,120 வழி இருக்கிறது. அத்தனையையும் பார்க்க வேண்டியதில்லை. எந்த எழுத்து எங்கே நிற்கும், எதற்குப் பக்கத்தில் எது வராது என்று நன்னூல் சொல்லிவைத்திருக்கிறது. அந்த நன்னூலை எழுதிய பவணந்தி முனிவருக்கு ஊர் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம் என்பது கொங்கு நாட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் எழுதிய நூல் அது. என் அம்மா பிறந்த ஊரிலிருந்து சீனாபுரத்துக்கு மாட்டு வண்டியில் ஒரு பொழுதுக்குள் போய்த் திரும்பிவிடலாம்.

ஒரு நாள் நான் போட்ட எழுத்துகளை வைத்தே அந்த வழியைச் சொல்கிறேன். அந்த நாளைப் பற்றித்தான் நான் பேசவும் வேண்டும். எழுத்துகள் இவை: ப, ட, க், கா, கு, ம், ன், லி, பொ.

முதலில் புள்ளி வைத்த எழுத்துகளைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். க், ம், ன் மூன்றும் சொல்லைத் தொடங்காது. அடுத்தது ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு வரிசைகள். அவை நம் சொந்தச் சொற்களுக்கு முதலில் வருவதில்லை. லட்டும் டீயும் ரயிலும் பின்னால் வந்து சேர்ந்தவை. ஆக ட, லி இரண்டும் முதலெழுத்து ஆகாது. மிச்சம் ப, கா, கு, பொ என்ற நான்கு மட்டுமே சொல்லைத் தொடங்க முடியும். இந்த ஒரு கணக்கிலேயே 15,120 என்பது 6,720 ஆகிவிடுகிறது.

இனி க். வல்லின மெய்யில் சொல் முடியாது, ஆகவே அது கடைசியில் நிற்காது. முதலிலும் நிற்காது என்று பார்த்தோம். நடுவில்தான் இடம். க், ச், த், ப் நான்கும் தம் இனத்தைத் தவிர வேறு எதையும் தமக்குப் பின்னால் சேர்ப்பதில்லை. க் வந்தால் அடுத்தது க வரிசைதான். ஆகவே 'க்கா', 'க்கு' இரண்டையும் ஒட்டிப்போட்ட துண்டாக நினைத்துக்கொள்ளலாம். ரகர, ழகர மெய்களுக்கு இதற்கு நேர் எதிரான குணம், அவை ஒருநாளும் இரட்டிக்காது. மெல்லினத்தைக் கண்டால் அதன் இன வல்லினத்தைத் தேட வேண்டும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று ஜோடி ஜோடியாக அவை வரும். ம் இருந்தால் கடைசியில் வைத்துப் பார்க்க வேண்டும், நிறையப் பெயர்ச்சொற்கள் அங்கே வந்து முடியும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. கிடைத்த பெரிய சொல்லிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக உருவிப் பார்ப்பது. வானரத்தில் ர போனால் வானம், ன போனால் வாரம். இது நான் கண்டுபிடித்தது அல்ல. தண்டியலங்காரம் சித்திரகவிகளில் இதை அக்கரச்சுதகம் என்று ஒரு வகையாகவே சொல்கிறது. எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவதற்கும் அங்கே தனிப் பெயர் உண்டு. நம் புலவர்கள் இந்த ஆட்டத்தைப் பல நூறு வருடமாக ஆடியிருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் படம், குடம், பலி, காலி, கான், பொன், பகு என்று எடுத்தேன். மகள் யோசித்து யோசித்து 'பக்கா' என்றாள். இந்தியிலிருந்து வந்த சொல்தான், ஆனாலும் அகராதியில் இருக்கிறது என்று இரண்டு மார்க் போட்டேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே வாயை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார்.

"பொடக்காலி" என்றார். "அஞ்செழுத்து வருதல்ல சாமி?"

"அது சொல்லு இல்லீங்கம்மா."

"என்ன சாமி இல்லைங்கற? நம்மூட்டுப் பொடக்காலி. கருவேப்பிலை மரம் நிக்குமல்ல?"

"புழக்கடைன்னு இருக்குதுங்க. பொடக்காலி அகராதியில இல்லீங்கம்மா. நாம பேசறதெல்லாம் கணக்குல சேராதுங்க."

அம்மா மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தாளில் பொடக்காலி என்று எழுதி, புரூஃபில் நீக்குவதற்குப் போடும் சுழியை அதன் மேல் போட்டேன். அம்மாவுக்குச் சேர வேண்டிய பத்து மார்க் போனது. அன்று நான் ஜெயித்தேன்.

அந்தச் சொல்லை நான் இப்போது நன்னூல் கண்ணால் பார்க்கிறேன். பொ சொல்லைத் தொடங்கும். ட நடுவில் நிற்கிறது. க் தன் இனத்தோடு சேர்ந்து வருகிறது. இகரத்தில் முடிகிறது. சீனாபுரத்து முனிவர் வகுத்த விதியில் ஒன்றைக்கூட அது மீறவில்லை. இலக்கணம் அந்தச் சொல்லைத் தள்ளவில்லை. தள்ளியவன் நான். என் கையில் இருந்தது ஒரு சின்ன அகராதி, பள்ளிப் பிள்ளைகள் பையில் வைத்துக்கொள்ளும் அளவு. ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைக்கூட அன்று நான் திறந்து பார்க்கவில்லை. ஆறு மணி ஆகிவிட்டது, கணக்கை முடிக்க வேண்டும் என்ற அவசரம். அதையும் சொல்லிவிடுகிறேன், கணக்கை முடிக்கிற அவசரத்தைவிட ஜெயிக்கிற அவசரம் பெரிதாக இருந்தது. பத்து மார்க் போட்டிருந்தால் அன்று அம்மா என்னைத் தாண்டியிருப்பார்.

அதன் பிறகு அது வழக்கமானது. ஒடக்கான் என்றார், ஓணான்தான் சரி என்றேன். பெருக்கான் என்றார், பெருச்சாளி என்று திருத்தினேன். வட்டல் என்றபோது வட்டில் என்றேன். அட்டாலி, போசி, மக்கிரி, சிலுவாடு, எச்சு, நோம்பி என்று ஒவ்வொன்றின் மேலும் சுழி போட்டேன். அந்தத் தாள்களை ஒரு பழைய டைரிக்குள் சேர்த்து வைத்திருக்கிறேன். போன மாதம் எடுத்து எண்ணிப் பார்த்தேன். சுழி போட்ட சொற்கள் 41.

அம்மாவுக்கென்று ஒரு வழி இருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை. மகள் கேட்டபோது அவளுக்குச் சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். எழுத்துகளைக் காதில் வாங்கியதும் மனசுக்குள் ஊர் வீட்டு வாசலுக்குப் போய்விடுவாராம். திண்ணை, ஆசாரம், தலைக்கு மேலே அட்டாலி, அடுப்படி, பொடக்காலி, அதைத் தாண்டிக் கட்டுத்தாரை, அப்புறம் இட்டேரி, தோட்டத்துச் சாளை. போகிற வழியில் கண்ணில் படுகிற ஒவ்வொன்றின் பேரையும் வாயில் போட்டு உருட்டுவாராம். கேட்ட எழுத்துகளோடு எது ஒத்துவருகிறதோ அது விடை.

"ஒரு சாமானத்தை எங்க வெச்சம்னு தேடற மாதிரித்தாங் கண்ணு" என்றார்.

நான் சொல்லிக்கொடுத்த வழி, தப்பான வரிசைகளைக் கழித்துக்கொண்டே போகும் வழி. அதில் வேகம் உண்டு. ஆனால் கழித்து மிச்சமாவதில் சொல் எது என்று தெரிய, சொல் முன்னமே மனசில் இருக்க வேண்டும். அம்மாவிடம் ஒரு வீடும் ஒரு தோட்டமும் நிறையச் சொற்கள் இருந்தன. இரண்டு வழியும் சேர்ந்திருந்தால் எந்தத் தாளும் எங்கள் முன்னால் நின்றிருக்காது. அப்படி ஒரு கூட்டு ஆட்டம் எங்கள் வீட்டில் நடந்திருக்கலாம். அதை நடக்க விடாமல் செய்தேன்.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. 2021 கடைசியில் ஒரு நாள். ஆறு மணிக் கணக்கு. அம்மா "கட்டுத்தாரை" என்று ஆரம்பிக்கும்போதே மகள் குறுக்கிட்டாள்.

"ஆத்தா, அது சொல்லு இல்ல."

என் குரல். நான் சொல்லும் அதே இழுப்பு. அம்மா சிரித்துக்கொண்டே சரி கண்ணு என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பிள்ளை நன்றாகத் தேறிவிட்டாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

கொங்குப் பேச்சு எழுத்தில் ஏறாத பேச்சு என்று நான் நம்பியிருந்தேனா? இல்லை. ஆர். சண்முகசுந்தரம் 1942லேயே 'நாகம்மாள்' நாவலில் எங்கள் ஊர்ப் பேச்சை அச்சில் கொண்டுவந்துவிட்டார். அந்த நாவலை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். டீக்கடையில் நண்பர்களிடம் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். பேச்சுமொழிக்கு இருக்கும் உயிர் பற்றி நானே விளக்கம் சொல்லியிருக்கிறேன். புத்தகத்தில் வந்தபோது இலக்கியம் என்று கும்பிட்டதை என் அம்மா வாயில் வந்தபோது பிழை என்றேன். அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு இடம் இல்லை.

2022ல் ஒரு நூலின் மெய்ப்பு வேலைக்காகப் பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' அச்சகத்துக்கு வந்தது. 2000ஆம் ஆண்டிலேயே வெளியான புத்தகம். மதிய சாப்பாட்டு நேரத்தில் சும்மா புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் எங்கள் வீட்டுப் பேச்சு. அம்மா தண்ணீர் சேந்துகிறபோது பேசியது, என்னைத் திட்டியது, மாட்டை ஓட்டியது எல்லாம் அகர வரிசையில் பொருளோடு நின்றது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடிவைத்தேன்.

அன்று இரவே வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டு மாதம் சொல்லவில்லை. என் ஒப்புதலில் முக்கியமான இடம் இதுதான். முதலில் செய்தது அவசரத்தாலும் திமிராலும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எட்டு மாதம் தெரிந்தே செய்தது. சொன்னால் மகள் பழைய தாள்களையெல்லாம் எடுத்து மார்க்கைத் திரும்பக் கூட்டச் சொல்வாள். தீர்ப்புச் சொன்னவன் தப்பாகச் சொன்னான் என்று ஆகிவிடும். ஒரு காலண்டர் தாளின் கணக்குக்காக என் தாயின் பேச்சைப் பொய்யென்றே இருக்கவிட்டேன்.

அந்த எட்டு மாதத்துக்குள்தான் அம்மா ஆட்டத்தை விட்டார். சண்டை இல்லை, கோபம் இல்லை. "நீங்க ஆடுங்க சாமி, நான் கேட்டுட்டு இருக்கறன்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வருடம் உலகம் முழுக்க வேர்டில் என்ற ஐந்தெழுத்து ஆட்டம் பரவியது. அதைப் போலத் தமிழிலும் வந்தது, மகள் செல்போனில் ஆடினாள். அதன் கதையைப் பத்திரிகையில் படித்தேன். ஜோஷ் வார்டில் என்பவர் தன் துணைவி பலக் ஷாவுக்காக அதை உருவாக்கினார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரிந்தது, தெரியாதது என்று பலக் ஷா பிரித்துக் கொடுக்க, விடைக்குரிய சொற்கள் சுமார் 2,500 ஆகச் சுருங்கின. ஓர் ஆட்டத்தில் எது விடை என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார் என்பது அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மையார் தனக்குத் தெரிந்ததை வைத்தார், ஆட்டத்துக்கு அது போதும். நானும் எனக்கு வசதியானதைத்தான் வைத்தேன், ஆனால் தமிழே அவ்வளவுதான் என்றேன்.

கடைசியில் ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, நீங்க சொன்ன சொல்லெல்லாம் அகராதியில இருக்குதுங்க. நான்தான் தப்புத்தப்பா இல்லைன்னு சொல்லிப்போட்டனுங்க."

"அப்பிடியா சாமி" என்றார். "எழுதுனவங்க நல்லா இருக்கோணும்."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு அன்று நெஞ்சு லேசாகிவிட்டது போல இருந்தது. அதுவும் தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது. அகராதியில் இருக்கிறது என்பதால் அவர் சொன்னது சரி என்றேன். அகராதியில் இல்லாமல் போயிருந்தால்? 74 வருடம் ஒரு பெண் அந்தச் சொல்லைச் சொல்லி விறகு அடுக்கினார், கோழி மூடினார், பிள்ளைகளை வளர்த்தார். அது போதாதா ஒரு சொல் சொல்லாக இருக்க? அன்றும் நான் அம்மாவை நம்பவில்லை, புத்தகத்தைத்தான் நம்பினேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வருகிற அக்கா சத்தியமங்கலம் பக்கத்துக்காரர். காலையில் சமையலறையில் அவரும் அம்மாவும் பேசிக்கொண்டிருப்பார்கள். போன வாரம் தண்ணீர் குடிக்கப் போனவன் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். "அந்தப் போசியப் பொடக்காலில கவுத்து வெய்யி அம்மணி, ஒடக்கான் ஏறுது பாரு" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தப் பேச்சைக் கேட்கிறேன். உள்ளே போனேன். அம்மா என்னைப் பார்த்தார். "அந்தப் பாத்திரத்தைப் பின்னாடி வெச்சிரு" என்று அக்காவிடம் மாற்றிச் சொன்னார்.

மறுநாள் காலண்டர் தாளில் எட்டு எழுத்துகளை எழுதினேன். இ, ட், டே, ரி, ஏ, க, ல், ம். இட்டேரி என்ற சொல்லை நினைத்தேதான் எழுதினேன். இரண்டு பக்கமும் கிளுவை வேலி இருக்க நடுவில் வண்டி போகிற மண் தடம், அம்மா ஊரில் எல்லோரும் நடந்த தடம். மகள் இப்போது பிளஸ் டூ, அவளுக்கு நேரமில்லை. நானே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

அம்மா கண்ணை மூடினார். உதடு அசைந்தது. முதலில் இ, பிறகு ட் என்று அது அசைவதை நான் பார்த்தேன். பிறகு கண்ணைத் திறந்தார்.

"ஏரி" என்றார். "கல்லு. கரி. அவ்வளவுதாஞ் சாமி வருது."

இட்டேரி என்ற சொல்லை அந்தத் தாளில் நான் எழுதவில்லை. அதை எழுத வேண்டியவர் அவர். தாள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.